பத்திரமான இடம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஸ்ரீரங்கம் பஸ்ல வரும்போது லால்குடி ஸ்டெல்லா டீச்சர் போன் பண்ணாங்க. எங்க டீம் இலவசமா குடுக்குற, போட்டோ சேமிக்கிற சாஃப்ட்வேரை வச்சிருக்காங்க. அதோட தமிழ்க் கையேடு நான் எழுதினது.

"ஹார்டு டிஸ்க் போயிடுச்சுங்க. வீட்டுக்காரர் இருந்தப்ப எடுத்த படமெல்லாம் அதுலதான்."

"பேக்கப் எடுத்தீங்களா டீச்சர்?"

"எடுத்தேனே. 'நகலைப் பத்திரமான இடத்தில் வைக்கவும்'னு போட்டிருந்தீங்க. அதே டிஸ்க்ல 'பத்திரம்'னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள வச்சேன்."

டீச்சரே மறுபடி கேட்டாங்க.

"கையேட்டுல உள்ளபடிதானே செஞ்சேன்?"

"ஆமாங்க டீச்சர்."

வேற டிஸ்க்ல வைக்கணும்னு ஒரு வரி சேர்க்கலாமான்னு டீம் குரூப்ல கேட்டேன்.

"அதெல்லாம் பேசிக்ஸ். கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்குறது நம்ம வேலை இல்ல"ன்னு ஒருத்தர். அதுக்கு வரிசையா தம்ஸ்அப் எமோஜி.

பத்திரமான இடம் எதுன்னு சொல்றது யாரோட வேலைங்க? தம்ஸ்அப் வேண்டாம், பதில் சொல்லுங்க.