கார்குழலி கையெழுத்துப் போடவில்லை

எங்கள் பள்ளிக்கூடத்துக் குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும், பூனை சீறுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு. குழாயை நாங்கள் ‘கொயா’ என்போம். திருவண்ணாமலைப் பக்கத்து நாக்குக்கும் ழகரத்துக்கும் ஆகாது. மழை எங்களுக்கு ‘மய’, வாழைப்பழம் ‘வாயப்பயம்’, அடி அண்ணாமலையிலிருந்து நடந்து வரும் கார்குழலி ‘கார்கொயலி’.

அந்தப் பேரைச் சுருக்கி அவளை ‘கொயா’ ஆக்கிய மகா புத்திசாலி நான்தான். திருத்தமாகச் சொன்னால் எவ்வளவு அழகான பேர். எங்கள் வாயில் விழுந்து தெருக்குழாய் ஆகிவிட்டது. அவளுக்கு எப்போதும் ஜலதோஷம் வேறு. மூக்கை உறிஞ்சினால் ‘கொயா ஒயுவுது’, அழுதுவிட்டால் ‘கொயா தொறந்துகிச்சு’. வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக தினமும் புதிதாக ஒன்றை யோசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன் என்பதை இன்று எழுதவே கூசுகிறது.

பத்தாம் வகுப்பில், மார்க் ஷீட்டில் அச்சாகப்போகும் பேரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பட்டியல் வந்தது. எல்லோரும் போட்டோம், அவள் மட்டும் போடவில்லை. மறுநாள் அவளுடைய அப்பா, தோளில் துண்டோடு வயலிலிருந்து நேராக வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

“சார், எம்பொண்ணு கார்கொயலி...” என்று அவர் ஆரம்பித்ததுமே பின்பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்தார்.

“ஆசையா வச்ச பேரு சார். மாத்தணும்னு ரெண்டு நாளா சாப்புடாம கெடக்குறா.”

“கெசட்ல போடணுமே, அலைச்சல் ஜாஸ்தி. ஏம்மா மாத்தணும்?” என்று வாத்தியார் அவளைக் கேட்டார்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். “சும்மாதான் சார்” என்றாள். நான் எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வேங்கிக்கால் அரசு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் அவள் உட்கார்ந்திருந்தாள். மேசைப் பலகையில் ‘கவிதா’ என்றிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, அம்மா நல்லா இருக்காங்களா என்று விசாரித்தாள். நானும் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

“அப்பா போன வருஷம் தவறிட்டாருங்க. கடைசி வரைக்கும் அவரு மட்டும் தான் வச்ச பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. இப்ப அதச் சொல்ல யாருமில்ல” என்று சொல்லிக்கொண்டே என் படிவத்தில் சீல் குத்தினாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “தேங்க்ஸ் மேடம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.