ஆலங்குளத்தில் ஏறிய இலவச வேன்

ஜூலை 20, ஞாயிறு, காலை 6.10. காற்றே இல்லை, அனல்மின் நிலையத்துப் புகை எங்கள் தெருவின்மேல் அப்படியே நின்றது. மனைவி செண்பகத்துக்கு ஒரு வாரமாக மூச்சிரைப்பு. மூன்று நாள் குற்றாலத்துச் சாரலில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து இன்ஹேலர் இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

திருநெல்வேலியில் மாறிய பஸ், 10.20க்கு ஆலங்குளத்தில் பழுதாகி நின்றது. அடுத்த பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. தென்காசிக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று வந்தது.

"ஏறும் அண்ணாச்சி, காசு கிடையாது" என்றார் வேனுக்குப் பொறுப்பான கட்சிக்காரர்.

ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், இலவசம். என்ன கூட்டம் என்று கேட்காமல் ஏறினேன்.

வேன் நேரே பந்தலில் போய் நின்றது. தலையை எண்ணி இறக்கி ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். செண்பகத்தின் அட்டையில், 'நிலக்கரியை நசுக்கும் டெல்லிச் சட்டம் வேண்டாம்' என்றிருந்தது. அனல்மின் நிலையங்கள் புகையிலுள்ள கந்தகத்தைக் கருவி வைத்துக் கழுவித்தான் வெளியே விட வேண்டும் என்ற மத்திய அரசின் விதியைத்தான் சொல்கிறார்கள்.

"அந்தக் கருவிச் செலவு உங்க கரண்டு பில்லுலதான் ஏறும்! நம்ம மாநிலத்துக்கு டெல்லி என்ன நாட்டாமையா?" என்றார் மேடையில் இருந்த தலைவர். எனக்கும் பகீரென்றது.

அதற்குள் செண்பகத்தின் மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. இன்ஹேலர் இருந்த பையை வேனிலேயே விட்டிருந்தேன்.

"தலைவர் பேசி முடிக்காம வேனைத் தொறக்க முடியாது. அட்டையத் தூக்கும்வே" என்றார் கட்சிக்காரர்.

"எவே, மூச்சு முட்டுது அவளுக்கு!"

அவள் உதடு கறுத்திருந்ததைப் பார்த்தார். அவரே ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்தார். இரண்டு முறை மருந்தை இழுத்தாள். அந்த அட்டையாலேயே விசிறினேன்.

பேச்சு வந்ததும் அவள் சொன்னாள்: "ரெண்டு டிக்கெட்டு காசுக்காவ, என் மூச்சுக்கு எதிரா என்னையவே அட்டை பிடிக்க வச்சிட்டியளே."

கட்சிக்காரர், "எந்த ஊரு ஆச்சி?" என்றார். அனல்மின் நிலையம் இருக்கும் எங்கள் ஊரைச் சொன்னாள். அவரே குற்றாலத்துக்கு ஆட்டோ பிடித்துவிட்டார்.

குற்றாலத்தில் சாரல் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் ஐந்தருவிச் சாலையில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் கூடியது. மறுநாள் திரும்ப வேண்டியது அதே தெருவுக்குத்தானே.

வீட்டில் இரண்டு மாதக் கரண்டு பில் 640 ரூபாய். அது ஏறிவிடும் என்று பந்தலில் நானும் பயந்தவன்தான். அவள் மூன்று நாள் ஒழுங்காக மூச்சுவிட, இலவச வேன் போக, எனக்கு ஆன செலவு 6,480 ரூபாய்.