பைக்கு ஒரு பை

1996 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பையைக் காலி செய்து அலசினேன், பன்னிரண்டு நிமிஷம். ஆறு மணிக்குக் காபி. ஏழுக்கு எடை பார்த்தேன்: ஐம்பத்தொரு கிலோ. ஏழரைக்கு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். ஐந்து நாள் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் அடுத்த வாரம் வாயெல்லாம் புண்ணாகிவிடும்.

பை என்பது என் வயிற்றின் இடப்பக்கம் ஒட்டியிருப்பது. மார்ச் மாதம் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்தபோது, மலம் வெளியேற அங்கே ஒரு வாய் வைத்துவிட்டார் டாக்டர். கல்லீரலில் இருந்த இரண்டு புள்ளிகளை எடுக்க முடியவில்லை. மாதம் ஐந்து நாள் மருந்து ஏற்றுவது அவற்றுக்காக.

நான் நில அளவையாளன். ஐந்து மாத விடுப்பு முடிந்து மறுநாள் திருநெல்வேலி அலுவலகத்தில் சேர வேண்டும். வெயிலில் அலையாமல் மேஜை வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தடையாக இருந்தது பேன்ட்தான். முப்பத்தாறு அங்குல இடுப்புக்குத் தைத்தவை, கையை எடுத்தால் கணுக்காலுக்கு வந்தன. பெல்ட் போட்டால் அது நேரே அந்த வாயின் மேல் ஏறி உட்கார்ந்தது. வேட்டி கட்டுங்களேன் என்றாள் மனைவி. வேட்டி முடிச்சும் அதே இடத்தைத்தான் தேடி வந்தது. பேசாமல் விடுப்பை நீட்டிவிடலாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை நீட்டினால் பிறகு போகவே மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கு ஒரு பேன்ட்டை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை ஊக்கு போட்டு மாட்டிக்கொண்டு, சேரன்மகாதேவி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தையல் கடைக்குப் போனேன். ஆவணிக் கல்யாணங்களுக்காக ஞாயிறும் கடை திறந்திருந்தது. தையல்காரர் என்னை அண்ணாச்சி என்பார், நானும் அவரை அண்ணாச்சி என்பேன். யார் மூத்தவர் என்பது இருபது வருஷமாக முடிவாகவில்லை.

"என்ன அண்ணாச்சி, பாதியா வந்திருக்கிய? மீதிய எங்கன வச்சிட்டு வாரிய?"

"உடம்பு சரியில்ல."

"சுகரா?"

நெல்லைச் சீமையில் மெலிந்தவனுக்கெல்லாம் சுகர்தான். ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவைத்தேன். பை சமாச்சாரம் எனக்கும் மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்தது. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் டேப்பை இடுப்பில் சுற்றி இருபத்தொன்பது என்றார். நம்பாமல் மறுபடி அளந்தார். அதே இருபத்தொன்பதுதான். பிறகு, இந்த பேன்ட்டின் தையலையும் பார்க்க வேண்டும், திரைக்குப் பின்னால் போய் அவிழ்த்துக் கொடுங்கள் என்றார். நடக்கும்போது லேசாகத் தள்ளாடினேன் போலிருக்கிறது.

"பைய கழத்துங்க, அண்ணாச்சி" என்றார்.

இவருக்கு யார் சொன்னார்கள்?

"அத இப்ப கழத்தக் கூடாது" என்றேன். "நாலு நாளைக்கு ஒரு தரம்தான் கழத்தணும்."

அவர் வாயில் இருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டார். "பேன்ட்டையா?"

அப்போதுதான் உறைத்தது. மெதுவாகக் கழற்றச் சொல்லியிருக்கிறார். பிறந்ததிலிருந்து 'பைய' என்றால் மெதுவாக என்று பேசிவந்தவன், ஐந்து மாதத்தில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டுவிட்டேன்.

இனி மறைத்துப் பயனில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளவில்லை. "எங்கன இருக்கு?" என்றார். அவருடைய சாக்பீஸை வாங்கி, வெட்டும் மேஜை மேல் என் வயிற்றை வரைந்தேன். தொப்புளிலிருந்து இடப்புறம் இரண்டரை அங்குலம், கீழே ஒன்றரை.

"வடக்கு எது?"

"தல பக்கம்."

"அப்ப சரி." படத்தின் மேல் டேப்பை வைத்துப் பார்த்தார். "இடுப்புப் பட்டிய அதுக்கு மேல தூக்கிருதேன். இடப்பக்கம் ரெண்டு மடிப்பு, உள்ள மெல்லிசுத் துணியில ஒரு பை. பைக்கு ஒரு பை. வெளிய ஒரு பயலுக்கும் தெரியாது."

"ரொம்ப நல்லது. மிச்சத் துணிய வெட்டிருங்க."

"வெட்டவா? மடிச்சு உள்ள விட்டுருதேன். உடம்பு வைக்கையில பிரிச்சு விடலாம்லா?"

"வைக்காது, அண்ணாச்சி. மிச்சம் தேவைப்படாது."

"டாக்டர் சொன்னாரா?"

"எவ்வளவு காலம்னு கேட்டேன். பார்ப்போம்னு சொன்னாரு."

"அளந்து சொன்னாரா?"

"அதெல்லாம் அளக்க முடியாதாம்."

கத்திரிக்கோலை மேஜையில் வைத்தார். 'அண்ணாச்சி' போய், உரிமையோடு 'வே' வந்துவிட்டது. "அளக்காம நீரு எந்த வயலுக்காவது எல்லைக்கல்லு நட்டிருக்கீரா வே?"

இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒருமுறைகூட நட்டதில்லை. ஒரு சாண் சந்தேகத்துக்கும் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு மறுபடி வரப்பேறியவன் நான். கல்லீரலில் இரண்டு புள்ளி என்று கேட்டதும் வீட்டில் உட்கார்ந்தபடியே என் ஆயுளுக்கு எல்லைக்கல்லை நட்டிருக்கிறேன். "இல்ல" என்றேன்.

"பெறகு என்ன? சாயங்காலம் நாலு மணிக்கு வாரும்."

இரண்டு பேன்ட்டையும் விட்டுவிட்டு, அவர் கொடுத்த லுங்கியைக் கையால் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். நாலுக்கு ஐந்து நிமிஷம் முன்பே போய் நின்றேன். இரண்டு பேன்ட்டும் தயார். உள்ளே திருப்பிப் பார்த்தேன். பின் தையலில் பாதி, பக்கத் தையல்களில் பாதி என்று ஏழு அங்குலமும் வெட்டுப்படாமல் மடிந்து கிடந்தது. விடுப்பை நீட்டக் கேட்டு எழுதிவைத்திருந்த கடிதத்தை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

19ஆம் தேதி, திங்கள். எழுந்ததும் முதல் வேலையாகப் புது பேன்ட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பில் நின்றது, பையிருக்கும் இடம் தெரியவில்லை. பின்பக்க மடிப்பு மட்டும் நன்றாக உறுத்தியது. எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். அப்போதும் உறுத்தியது.

"உறுத்துதோ? குடுத்து வெட்டிட்டு வந்திருவமா?" என்று கேட்டாள் மனைவி.

"வேண்டாம். பஸ்ஸுல நின்னுக்கிட்டே போயிருதேன்" என்றேன்.