எதிர் பிளாட்பாரத்துல வெள்ளைச் சட்டை

எனக்கு இந்த பேய், பிசாசு எதுலயும் நம்பிக்கை கிடையாதுக்கா. புருஷன் மேலயே நம்பிக்கை வைக்காதவ நான், பேய் மேலயா வைக்கப் போறேன்? அதனாலதான் மொதல்ல இதைப் பொம்பள விவகாரம்னு நெனச்சேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, மார்கழி. எங்க ஊட்டுக்காரர் மலைக்குப் போக மாலை போட்டுக்கினு கருப்பு வேட்டியில இருந்தாரு. நான் அம்பத்தூர்ல துணி தைக்கிற கம்பெனிக்குப் போக, காலைல ஆறு மணிக்கெல்லாம் அண்ணனூர் ஸ்டேஷன்ல நிப்பேன். அன்னிக்கு ஒரே பனி, ஸ்வெட்டர் போட்டும் பல்லு அடிச்சுக்குது, எதிர் பிளாட்பாரத்துல ஒரு ஆளு வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட்ல நிக்கிறாரு. இந்தக் குளிர்ல யாருடான்னு பார்த்தா, எங்க ஊட்டுக்காரர். கழுத்துல மாலை இல்ல.

நடுவுல ரயில் வந்து போச்சு, ஆளைக் காணோம். உடனே போன் அடிச்சேன். "சொல்லு சாமி, கோயில்ல கீறேன்"ன்றாரு, பின்னாடி பஜனை சத்தம், குருசாமி குரல் எல்லாம் கேக்குது. சத்தத்தைப் பதிவு பண்ணி வெச்சு ஏமாத்தறாரோன்னு எனக்கு சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாச்சு. மாலையைக் கழட்டி வெச்சுட்டு எவளைப் பார்க்கப் போறாருன்னு வயிறு எரியுது, ஆனா மாலை போட்டவரைத் திட்டக் கூடாதே, எவ்ளோ கோவம் வந்தாலும் "சாமி, சாப்பிட வாங்க"ன்னுதான் கூப்பிடணும். மலைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் வெச்சுக்கறேன்னு இருந்தேன்.

மூணாவது நாளும் அதே எடம், அதே வெள்ளை. விடக் கூடாதுன்னு படியேறி எறங்கி அந்தப் பக்கம் ஓடி, கையைப் புடிச்சு நிறுத்திட்டேன். நம்பினா நம்புக்கா, சத்தியமா அவரேதான், புருவத்துல இருக்கற வெட்டுத் தழும்பு உட்பட. அவரு ஒடம்பு குளிர்ல வெடவெடன்னு நடுங்குது.

"குளுருதுமே. ஊட்ல கீறவன் என்னை உள்ள உட மாட்றான். நான் வந்தேன்னு அவன்கிட்ட சொல்லாத"ன்னாரு.

நான் பயந்து கையை உட்டேன், அவ்ளோதான், அந்தப் பனியில ஆளே இல்ல. அப்புறம் ஒரு நாளும் அங்க பார்க்கல.

அவரு மலைக்குப் போயிட்டு வந்து மாலையும் கழட்டியாச்சு. நான் சண்டை போடல, யார்கிட்டயும், எங்கம்மாகிட்ட கூட வாயைத் தொறக்கல. ஆனா பக்கத்துல படுத்துக்கினு இருக்கறது யாருன்ற சந்தேகம் மட்டும் போவல. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தின ஆளைப் பார்த்து பயப்படறது எவ்ளோ கொடுமை தெரியுமா?

மூஞ்சி எப்படி மாறுதுன்னு பார்த்துடலாம்னு, போன பொங்கலுக்கு அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துக் குடுத்தேன். பிரிச்சாரு, கையை அளந்தாரு, திரும்ப அழகா மடிச்சாரு.

"அவனுக்கு எடுத்தியா?"ன்னு கேட்டாரு. "எத்தினி சட்டை குடுத்தாலும் அவனுக்குக் குளிரு போவாது. சோறு போடு."

சோத்தைப் போட்டேங்கா, வேற இன்னா பண்றது?