பின்னாடி ஒண்ணுமில்ல, வாங்க

தொலைக்காட்சியில் யாராவது காரை வேகமாக வளைத்து ஓட்டினால் பிரேக் அக்காவின் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் மிதிக்கும். ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தபோது மிதித்து, பக்கத்திலிருந்த கருவித் தட்டைக் கவிழ்த்துவிட்டார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருட வேலை. பழகுபவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தபடியே பாதி ஆயுள் போய்விட்டது. அவரிடம் பழகியவர்கள் வைத்த பேர்தான் பிரேக் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லி உடம்பு. உட்காரத் தெரியாதவர். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பார். தேநீரில் பாதியைச் சமையலறையிலும் மீதியை வாசலிலும் குடித்துவிட்டு, டம்ளர் எங்கே என்று வீடெல்லாம் தேடுவார். கேட்டால், "வண்டி நின்னா என்ன, இன்ஜின் ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்பார். கூடவே இருக்கும் தம்பி அவருக்கு நேர்மாறு. அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. சட்டைப் பொத்தானைப் போட அவனுக்குக் கால்மணி நேரம் வேண்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் மூன்றாவது ஆள், ஏழு வயதுப் பழுப்பு நாய். பஞ்சர் ஒட்டும் கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடைத்ததால் அதற்குப் பேரும் பஞ்சர்.

அந்தப் பஞ்சருக்குத்தான் போன மாதம் இடது பின்னங்காலை எடுத்தார்கள்.

ஒரு காலை வேளை. பயிற்சிக் கார் அக்காவின் வீட்டு முற்றத்திலிருந்து பின்பக்கமாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் மழலையர் பள்ளி டீச்சர். நாற்பது வயதில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு கற்க வந்தவர். பின்சக்கரத்து நிழலில் படுத்திருந்த பஞ்சரை யாரும் பார்க்கவில்லை. எலும்பு நொறுங்கிவிட்டது. கால்நடை மருத்துவமனையில் இரண்டு நாள் பார்த்தார்கள். காப்பாற்ற வழியில்லை என்று தொடையோடு எடுத்துவிட்டார்கள். டீச்சர் அன்று தெருவிலேயே நின்று அழுதார். "நான் கண்ணாடில பாத்தேங்க்கா... பாத்தேன்னுதான் நெனைக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதற்கும் பட்டென்று பதில் வைத்திருக்கும் அக்கா அன்று வாயே திறக்கவில்லை. நாயைத் தூக்கிய அதிர்ச்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நாயை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் விரல் மடக்கிச் சொன்னார். இளம் பெண், கறாரானவர். "பதினாலு நாள் அமைதியா இருக்கணும். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, சோபா ஏறக்கூடாது. வெளிக்குப் போறதுக்கு மட்டும் வயித்துக்கு அடியில துண்டு குடுத்துத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நடத்துங்க. தையலை நக்க விட்றாதீங்க."

தம்பி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "நாய்க்குச் சரிங்க டாக்டர். இவங்களப் பதினாலு நாள் அமைதியா வச்சுக்க மாத்திரை ஏதாவது இருக்கா?" என்றான்.

மருத்துவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மேசைக்கடியில் அவர் கால் மிதித்துக்கொண்டிருந்தது.

பயிற்சிப் பள்ளிக்குப் பதினான்கு நாள் விடுப்புச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் நீண்ட விடுப்பு. அன்றே சோபாவைச் சுவரோடு கவிழ்த்துப் போட்டார். மாடிப்படியை இஸ்திரிப் பலகையை வைத்து அடைத்தார். கூடத்தில் பழைய போர்வைகளை அடுக்கி மெத்தை செய்தார். அரைமணிக்கு ஒருதரம் மண்டியிட்டுத் தையலைப் பார்த்தார். மயிர் மழித்த இடுப்பு உரித்த கோழிபோல இருந்தது. தையலைச் சுற்றி ஊதா நிறக் கன்றல். அதில் ஒரு நூல் கூடுதலாகச் சிவந்தாலும் மருத்துவருக்குத் தொலைபேசி பறக்கும். "சிவப்பா இருக்கா, ரொம்பச் சிவப்பா இருக்கா?" என்று மருத்துவர் கேட்டால், "நேத்து சாயங்காலத்தை விடச் சிவப்பு" என்பார்.

முதல் நாள் முழுக்கப் பஞ்சர் சிறுநீர் கழிக்கவில்லை. துண்டின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் அக்கா முக்கால் மணி நேரம் நின்றார். குனிந்து பார்ப்பதும், "போ கண்ணு, போ ராஜா" என்பதும், மறுபடி குனிவதுமாக இருந்தார். கடைசியில் தம்பி வந்து துண்டை வாங்கிக்கொண்டான். "நீ இப்படி உத்துப் பாத்தா எனக்கே வராதுக்கா. உள்ள போ." அவர் உள்ளே போன இரண்டாவது நிமிடம் வந்துவிட்டது.

மாத்திரையிலும் அதே கதை. வேகவைத்த உருளைக்கிழங்குக்குள் ஒளித்து வைத்தார் அக்கா. பஞ்சர் கிழங்கைத் தின்று, மாத்திரையை மட்டும் துடைத்துவைத்ததுபோலத் தட்டோரம் வைத்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. தம்பி சாவகாசமாக மூன்று துண்டு நறுக்கினான். மாத்திரை நடுத்துண்டில். முதல் துண்டைக் கொடுத்து, நடுத்துண்டை நீட்டும்போதே மூன்றாவதை மூக்குக்கு நேராகக் காட்டினான். மூன்றாவதின் அவசரத்தில் இரண்டாவது மெல்லாமலே இறங்கிவிட்டது.

"உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"சின்ன வயசுல எனக்கு நீ இப்படித்தானே குடுத்த?"

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் புனல் ஒன்றை மாட்டியிருந்தார்கள். கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் அது இடித்துக்கொண்டே இருந்தது. "வண்டியோட அகலமே தெரியல இவனுக்கு" என்று அக்கா கூடவே போவார். "இடது பக்கம் பாரு... இன்னும் கொஞ்சம்... ஆங், இப்ப நேரா வா. மெதுவா, ஹாஃப் கிளட்ச்ல வா." இருபத்திரண்டு வருடம் மனிதர்களிடம் சொன்னதையெல்லாம் நாயிடம் சொன்னார். மனிதர்கள் மிரண்ட அளவுக்கு அது மிரளவில்லை.

ஆனால் வழவழத் தரை அதைத் தோற்கடித்தது. இருக்கிற ஒற்றைப் பின்னங்கால் சறுக்கி, இடுப்பு தரையில் மோதி, இரண்டு தடவை விழுந்தது. விரிப்புப் போட்டால் விரிப்போடு சேர்ந்து சறுக்கியது. அதற்குப் பிறகு பஞ்சர் எழவே மறுத்துவிட்டது. வெளிக்குப் போக முழு உடம்பையும் துண்டிலேயே தூக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் உருளைக்கிழங்கையும் தொடவில்லை. முன்னங்கால்களில் தாடையை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. "வலி குறைஞ்சிருக்கும். இது பயம். எழுந்து நிக்கலைன்னாத்தான் கஷ்டம். இருக்கிற கால்லயும் தெம்பு போயிரும்" என்றார் மருத்துவர்.

அன்று மதியம் தண்ணீர் கொடுப்பதற்காக அக்கா புனலைக் கழற்றினார். பஞ்சர் தலையை இடப்பக்கம் சாய்த்தது. கண்ணை மூடியது. மழித்த இடுப்பின் சதை மட்டும் குடுகுடுவென்று துடித்தது. அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. இடது காதைச் சொறிகிறது. இல்லாத காலால் சொறிகிறது. சட்டென்று விரலை நீட்டி அந்தக் காதைச் சொறிந்துவிட்டார். நாய் சுகமாக முனகியது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார், கொல்லைக்குப் போனார், திரும்பிக் கூடத்துக்கு வந்தார், மறுபடி சமையலறை. தம்பி வேலையிலிருந்து வரும்வரை அப்படியே நடந்துகொண்டிருந்தார்.

"நாயை விட நீதான்க்கா அதிகமா அலையுற. ஒரு இடத்துல உக்காரேன்."

"உக்காந்தா யோசனை வருதுடா."

ஆறாம் நாள் டீச்சர் வந்தார். தோளில் ஒரு பெரிய மூட்டை. பள்ளியில் குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் ரப்பர் விரிப்புகள். ஓரம் தேய்ந்து கழித்துவிட்டவற்றைக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்து எடுத்து வந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எண். "எங்க புள்ளைங்க இதுல ஓடி விழுந்ததே இல்லக்கா. அதான்..." என்றார். தானே மண்டியிட்டு, மெத்தையிலிருந்து கொல்லைக் கதவு வரை ஒன்றோடொன்று பொருத்தினார். எண்கள் வரிசை மாறிக் கிடந்தன.

பஞ்சர் புனலுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு முன்னங்காலை ஏழின் மேல் வைத்தது. அழுத்திப் பார்த்தது. மற்றதையும் வைத்தது. பின்னங்கால் நடுங்கியது, சறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டது. அசைந்து, சாய்ந்து, சமாளித்து நின்று டீச்சரின் கையை முகர்ந்தது.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "டெஸ்ட்டுக்குப் போகலன்னு எழுதிக் குடுத்துட்டேங்க்கா. இனிமே ஸ்டியரிங்கத் தொடமாட்டேன். ஒரு உயிரப் பாக்கத் தெரியாதவ எதுக்கு வண்டி ஓட்டணும்?"

"அடுப்புல பால் இருக்கு" என்று அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். அடுப்பில் எதுவும் இல்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினார். தெருமுனையில்தான் டீச்சரைப் பிடிக்க முடிந்தது.

"டீச்சர், நில்லுங்க. தப்பு உங்களது இல்ல."

"பரவால்லக்கா, ஆறுதலுக்காகச் சொல்லாதீங்க."

"ஆறுதல் இல்ல. கேளுங்க. அன்னைக்கு நான் ஃபோன்ல இன்னொருத்தர்கிட்ட கிளாஸ் நேரத்துக்குச் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். நீங்க 'வரலாமாக்கா'ன்னு கேட்டீங்க. 'பின்னாடி ஒண்ணுமில்ல, வாங்க'ன்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. பாக்காமலே சொன்னேன். கால் பிரேக்லயும் இல்ல, சீட்டு மேல மடிச்சு வச்சிருந்தேன். பஞ்சர் கத்தினப்பதான் இறக்கினேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். அழுகை நின்றிருந்தது.

"நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்துச்சுக்கா" என்றார் மெல்ல. "தப்பிச்சுக்கறதுக்காக நானா கற்பனை பண்ணிக்கிறேனோன்னு நெனச்சேன். இத்தன நாளா எனக்குப் புத்தி பிசகிருச்சோன்னு பயந்துக்கிட்டிருந்தேன்."

டீச்சர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சாயங்காலம் தம்பியிடமும் சொன்னார். அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முடித்தான்.

"டீச்சர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்ப?"

"இன்னைக்குத்தான்."

"முதல் நாளே சொல்லியிருக்கணும்க்கா" என்றான். பிறகு, "துண்டை எடு. அவனுக்கு நேரமாச்சு" என்றான்.

அடுத்த நாட்களில் பஞ்சர் எண்களின் மேல் நடை பழகியது. ஏழிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்பது, அங்கே ஒரு நிற்பு, பிறகு கொல்லை. மூன்று காலில் மெதுவாக நடப்பதைவிடத் தத்தித் தத்தி விரைவதுதான் அதற்கு எளிதாக இருந்தது. "ஸ்பீடக் குறைடா" என்று அக்கா பின்னாலேயே கத்துவார். பசி திரும்பியது. கன்றல் ஊதாவிலிருந்து மஞ்சளாகி மறைந்தது. அக்காவின் அலைச்சல்தான் குறையவில்லை. வாசலில் காலடி கேட்டால் எழுந்து போவார். பால்காரராக இருக்கும், கூரியர்காரராக இருக்கும். டீச்சரின் எண்ணை அழுத்துவார், மணி அடிக்கும் முன்பே துண்டித்துவிடுவார். "என்ன பேசறதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அழுத்தேன்" என்றான் தம்பி. "தெரிஞ்சா அழுத்தமாட்டேனா?" என்று எரிந்து விழுந்தார்.

பதினான்காம் நாள் தையலைப் பிரித்தார்கள். மருத்துவர் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, "நல்லா ஆறியிருக்கு. இவனுக்குக் கால் போனது மறந்துரும். நமக்குத்தான் மறக்காது" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு, பஞ்சரைக் காருக்குக் கூட்டி வந்தார்.

மறுநாள் காலை வேலைக்குத் திரும்பினார். முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார். கையில் பழகுநர் உரிமத் தாள்.

"எழுதிக் குடுத்ததத் திரும்ப வாங்கிட்டேன். எனக்கு இன்னும் எட்டு கிளாஸ் பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் அக்கா. "டீச்சர், நான்..."

"வேற ஆளுகிட்ட கத்துக்கலாமான்னு பாத்தேன். அப்புறம், இனிமே உங்கள மாதிரி கவனமா யாரும் பின்னாடி பாக்கமாட்டாங்கன்னு தோணுச்சு. கோவம் போகலக்கா. அதையும் சொல்லிடறேன்."

"போக வேணாம்" என்றார் அக்கா.

டீச்சர் சாவியை வாங்கவில்லை. முதலில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் நின்று பார்த்தார். அதுவும் போதாமல், புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, தலையைத் தரைக்குத் தாழ்த்தி வண்டிக்கடியில் பார்த்தார். பஞ்சர் அப்போது கதவோரம் தம்பியின் கையைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது. அது இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

அக்கா சாவியோடு மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரும் மண்டியிட்டார். கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்தார். வண்டிக்கடியில், எண்ணெய்க் கறைக்கு அந்தப் பக்கம் டீச்சரின் முகம் இருந்தது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா இன்னும் தரையில் கன்னத்தை வைத்தபடி, நான்கு சக்கரங்களுக்கு நடுவே இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.