மார்லீனுக்குக் கிடைத்த கோட்டு அறை

மார்லீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பாதி அவள்மேல், பாதி வின்னிபெக்கில் இருக்கிற எங்கள் யூத சமூக மன்றத்தின்மேல்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் எனக்குத் தோழி. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். ஆனால் சம்பளமே இல்லாமல் பார்த்த வேலைதான் பெரிய வேலை. மன்றத்தில் நடக்கும் கச்சேரி, இஸ்ரேலியப் படவிழா, ஓவியக் கண்காட்சி எல்லாம் அவள் தலையில்தான். பாடகர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவாள், நாற்காலி போடுவாள், மறுநாள் காலையில் தொலைபேசியில் வசவு வாங்குவாள். "கிளாரினெட் சத்தம் காதைப் பிளக்குது!" "எல்லாத்தையும் ஹீப்ருவுலயே பாடினா நாங்க என்னத்தைக் கண்டோம்?" இஸ்ரேலிலிருந்து புதிதாகக் குடியேறியவர்கள் கூப்பிட்டு, "இதெல்லாம் எங்க தாத்தா காலத்துப் பாட்டு, மேடம்" என்பார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்று ஒரு ஆள் கூப்பிட்டதில்லை. கேக் நன்றாக இருந்தது என்று கூப்பிடுவார்கள்.

அவளுக்கென்று ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜெருசலேமில் நிசிம் அபுதாராம் என்று ஒரு பாடகர். மொராக்கோ யூதர்களின் பிரார்த்தனைப் பாடல்களை ஊத் என்கிற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டே பாடுபவர். அவரை எங்கள் மேடையில் ஏற்றி, எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான். பல வருஷமாக அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷம் விமானம் ரத்து. ஒரு வருஷம் அவர் மனைவிக்குப் பிரசவம். மற்ற வருஷமெல்லாம் மெர்வின். மெர்வின் எங்கள் மன்றத் தலைவன். "மொராக்கோ பாட்டா? நம்ம ஜனங்க யாரு வருவா?" என்று தட்டிக் கழித்தே வந்தான்.

ஒருவழியாக நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று முடிவாயிற்று. முடிவாகி டிக்கெட்டும் அச்சடித்த பிறகு, கச்சேரிக்குப் பத்து மாதம் முன்பு, ஜனவரியில், மார்லீனின் அப்பா போய்ச் சேர்ந்தார்.

பெற்றவர் போனால் எங்களுக்குப் பன்னிரண்டு மாதம் துக்கம். அதுவரை பாட்டு, கச்சேரி, கொண்டாட்டம் எதுவும் கூடாது. தினமும் ஜெப ஆலயத்தில் போய் நின்று இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். அவர் மகன், இவள் கூடப்பிறந்த ஹோவி செய்திருக்கலாம். துரை வான்கூவரில் இருக்கிறார், நேரமில்லையாம். அதனால் இவள் விடியற்காலையில் உறைபனியில் காரைக் கிளப்பிக்கொண்டு போனாள். வீட்டில் ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓய்வுநாள்னுகூடப் பார்க்காம சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு கடை கடையா ஏறி இறங்குறவ நீ. இதுக்கு மட்டும் என்னடி திடீர் பக்தி?"

"பக்தியெல்லாம் இல்ல, லோயிஸ். அப்பாவுக்காக. ஹோவியும் செய்யமாட்டான், நானும் செய்யலன்னா, அந்த மனுஷனுக்கு வேற யாரு இருக்கா?"

நேரே எங்கள் மதகுரு ரபியிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். வழி சொன்னால்தான் எழுந்திருப்பேன் என்றேன். அவர் சிரித்தார்.

"வேலை இருந்தா தாராளமா இருக்கலாம். விளக்கு போடுறவங்க, பரிமாறுறவங்க, வாசல்ல நிக்கிறவங்க இருக்காங்கல்ல? அப்படி. வேலை பார்க்கும்போது பாட்டு காதுல விழுந்தா தப்பில்லை. உட்கார்ந்து ரசிக்கத்தான் கூடாது."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரங்கின் பின்வரிசையில் விளக்குப் பலகை இருக்கிறது. அங்கே நின்றால் எல்லாம் கேட்கும். மார்லீனும் முதல்முறையாக முகம் தெளிந்து, எந்தப் பொத்தான் எந்த விளக்கு என்று போய்ப் பழகிவிட்டு வந்தாள்.

கச்சேரியன்று காலையில் மெர்வின் வந்தான். "விளக்கை என் மருமகன் பார்த்துக்கிறேங்கறான். மார்லீன் பாவம், துக்கத்துல இருக்கா. கோட்டு அறையில நிம்மதியா உட்காரட்டும். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"மெர்வின், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று நான் ஆரம்பிக்க, மார்லீன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுடி. வேலைன்னா வேலைதான்."

வருகிறவர்களின் குளிர்கோட்டை வாங்கி மாட்டி வைக்கிற கோட்டு அறை நடைக்கோடியில் இருக்கிறது. வின்னிபெக் நவம்பரில் ஊரே போர்வையளவு கோட்டோடுதான் வரும். அத்தனையும் கம்பிகளில் தொங்கினால் உள்ளே இடியே விழுந்தாலும் கேட்காது. அங்கே அவளை நிறுத்திவிட்டு நான் அரங்கில் போய் உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் ஹோவி! அப்பா வீட்டை விற்கக் கையெழுத்துப் போட வந்தவன், கச்சேரி இருக்கிறது என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெர்வின் மேடையேறி, இந்த நிகழ்ச்சி அந்தப் பெரியவரின் நினைவுக்கு என்றான். "அவருடைய அருமை மகன் ஹோவி நம்ம நடுவுல இருக்கார்!" ஜனங்கள் கைதட்டினார்கள். இந்த வெட்கங்கெட்டவன் எழுந்து கும்பிடாத குறையாகக் குனிந்தான். மார்லீன் பேரை யாரும் சொல்லவில்லை. நிசிம் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

"போடி உள்ள," என்றேன் அவளிடம். "நான் பார்த்துக்கிறேன் கோட்டை."

"வேலையை உன்கிட்ட குடுத்துட்டுப் போனா நான் வேலைக்காரி இல்லையே. சும்மா கேட்க வந்தவளாயிடுவேன்."

"உன் பிடிவாதத்துல இடி விழ!"

ஒருவர் மாத்திரையை மறந்தேன் என்று வந்தார், ஒருத்தி கைக்குட்டை என்று வந்தாள். இரண்டு பேரும், "ஆகா, என்ன குரல்!" என்று மார்லீனிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கதவைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

கச்சேரி முடிந்து எல்லோரும் கேக் மேஜையை மொய்த்தார்கள். நிசிம் மட்டும் ஊத் பெட்டியோடு கோட்டுக்காக வந்தார், விமானத்தைப் பிடிக்க வேண்டுமாம். மார்லீன் கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இங்க மார்லீன்னு ஒருத்தர் எனக்கு எழுதிக்கிட்டே இருந்தாங்க," என்றார் அவர். "துக்கம், வரமுடியலன்னு தலைவர் சொன்னார். பார்த்தா என் நன்றியைச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க," என்றாளே பாவி!

"இவதாங்க மார்லீன்!" என்று நான் கத்தியே விட்டேன். கத்தினதோடு நிற்காமல் விளக்கு, கோட்டு, ஹோவி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன்.

அவர் போட்ட கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். "விமானம் கிடக்குது. உங்களுக்கு ஒரு பாட்டு."

மார்லீன் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தாள். "வேண்டாங்க, தயவுசெஞ்சு. உங்க கோட்டைக் குடுத்தாச்சு, மத்தவங்க சாப்பிடறாங்க. எனக்கு இப்ப வேலை இல்ல. வேலை இல்லாம நான் கேட்கக் கூடாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில், பக்கத்துக் கம்பியில் தொங்கிய கோட்டுகளை இரண்டு கையாலும் வாரித் தரையில் வீசினேன்.

"இந்தா வேலை! பொறுக்குடி!"

அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நிசிம் பாட ஆரம்பித்தார். அவள் குனிந்து ஒரு கோட்டை எடுத்தாள், உதறினாள், காலரைச் சரிசெய்து மாட்டினாள். அடுத்ததை எடுத்தாள். எங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

பாட்டு பாதியைத் தாண்டவில்லை, தரையில் இரண்டே கோட்டுதான் மிச்சம். நான் அடுத்த கம்பிக்குப் போய் மெர்வினுடைய கோட்டிலிருந்து வாரி வீச ஆரம்பித்தேன்.