சனிக்கிழமைத் தும்பாங்

காரை எடுப்பதற்கு முன் ஹென்றி ஒரு மஞ்சள் துணியால் கண்ணாடியைத் துடைப்பார். துடைக்கும்போது சீட்டியடிப்பார். கல்யாணமானதிலிருந்து அன்னமேரி இதைக் கேட்டு வருகிறாள். சீட்டி நின்றால் அவள் கைப்பையைத் தேடுவாள், வண்டி கிளம்பப் போகிறது என்று. யாராவது ‘தும்பாங்’ என்று வண்டியில் இடம் கேட்டுவிட்டால் ஹென்றிக்கு மறுக்க வராது என்பதும் அவளுக்குத் தெரியும். சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பின்சீட்டு காலியாக இருந்ததே இல்லை.

புரோஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூடச் சீட்டி நிற்கவில்லை. ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி ஆரம்பித்த பிறகுதான் நின்றது. திடீர் திடீரென்று உடம்பில் அனல் ஏறி, சட்டை நனைந்துவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு பூசைக்குப் போவதையும் விட்டார்.

“நான் இன்னும் ஆம்பளதானா அன்னம்?” என்று ஒருநாள் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

நோயை மருந்து பார்த்துக்கொள்ளும், இந்த மனுஷனை யார் பார்த்துக்கொள்வது என்று பயந்துபோனாள்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் அன்னமேரி. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் மருந்து வாங்க நின்ற நேரத்தில், மனநல ஆலோசகர் சிந்தியாவின் கதவைத் தட்டினாள்.

“கூப்பிட்டா வரமாட்டாரும்மா. நான் என்ன பைத்தியமான்னு கேக்கறாரு.”

“இதே நோய் உள்ள ஆம்பளைங்க சனிக்கிழமை காலையில இங்க கூடிப் பேசுவாங்க அக்கா. அதுல ஒருத்தர்கிட்ட உங்க வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கட்டா?”

அன்னமேரி தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை ஹென்றிக்குப் போன் வந்தது.

“அண்ணே, நான் திருநாவுக்கரசு, பாயான் பாருலேர்ந்து பேசறேன். எனக்கும் உங்க வியாதிதான். நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒரு கூட்டம். தும்பாங் கிடைக்குமாண்ணே?”

“ஆஸ்பத்திரி நம்ம வீட்டுக்குப் பக்கத்துல. பாயான் பாரு போய் ஏத்திக்கிட்டுத் திரும்பி வரணுமாம் லா,” என்று முணுமுணுத்தபடியே மறுநாள் ஹென்றி சாவியை எடுத்தார். சீட்டி இல்லை. அன்னமேரி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வந்ததும், “நீங்க போய்ட்டு வாங்க தம்பி, நான் கார்லயே இருக்கேன்,” என்றார்.

திருநாவுக்கரசு வற்புறுத்தவில்லை. “உள்ள ஏர்கான் இருக்குண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஹென்றிக்கு அனல் ஏறியது. முகமெல்லாம் வேர்க்க, கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். அன்னமேரி பின்னால் ஓடினாள்.

அறையில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வயதான சீனர் ஒருவர் கையில் பூப்போட்ட ரோஸ் விசிறி.

“ஏறிடுச்சாண்ணே?” என்று திருநாவுக்கரசு இன்னொரு விசிறியை நீட்டினார்.

“எல்லாருக்குமா இப்படி வருது?”

“பின்ன, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா வருமா?”

அறையே சிரித்தது. ஹென்றிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்னமேரி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வியை ஹென்றி அங்கே கேட்பது கதவு வழியாகக் கேட்டது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் நெடுநேரம் பதில் சொன்னார்கள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது, திருநாவுக்கரசு வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. போகும்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

“இது யாரு கார்?”

“என்னுதுதாண்ணே.”

“அப்புறம் என்னத்துக்குத் தம்பி என்கிட்ட தும்பாங் கேட்டீங்க?”

“கூட்டத்துக்கு வாங்கன்னா எந்த ஆம்பளை வரான்? நானும் போன வருஷம் ஒருத்தருக்குத் தும்பாங் கொடுத்துத்தான் வந்து மாட்டினேன்!”

“ஏமாத்துக்காரன்லா நீ!” ஹென்றி ஸ்டியரிங்கில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்.

நோய் இன்னும் இருக்கிறது. ஊசியும் தொடர்கிறது. மனசு கனக்கும்போது ஹென்றி சிந்தியாவிடம் தனியாகவும் போய்ப் பேசுகிறார். கார்க் கண்ணாடியைத் துடைக்கையில் சீட்டி கேட்கிறது, சனிக்கிழமை தவிர. சனிக்கிழமைகளில் அவருடைய கார் வீட்டில்தான் நிற்கிறது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒருவர், இப்போதுதான் ஊசி ஆரம்பித்தவர், கடல் பாலம் தாண்டி வந்து, ஹென்றி கேட்ட தும்பாங்கைக் கொடுக்கிறார்.